எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்ததும் நின்றுபோன கீச்சொலி

கார் 2001-ஆம் ஆண்டின் போர்ஷே பாக்ஸ்டர்; 986 என்ற எண்ணால் அறியப்படும் முதல் தலைமுறை. 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் இருபக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை), ஐந்து கியர் மேனுவல். ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது இருக்கைகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய, கூர்மையான ஒரு கீச்சொலி வரத் தொடங்கும். சில விநாடிகளில் அது வலுத்து, பக்கத்தில் நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வீறிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சட்டென்று அடங்கிவிடும். காலை எடுத்ததும் மறுபடி வரும்.

இந்தக் காரில் எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்கு நேர் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் பானெட்டைத் தூக்கினால் சாமான் வைக்கும் பெட்டிதான் இருக்கும். ஆகவே எந்த ஒலியும் எஞ்சினின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்பது காதுக்குச் சுலபமாகப் பிடிபடாது. கேபினுக்குள் எல்லா ஒலியும் 'பின்னால்தான்'.

முதலில் காட்டிய பட்டறையில், கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங்), கிராங்க்ஷாஃப்ட்டின் (எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டு) பின்பக்க ஆயில் சீல் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள். ஒலி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்டுச் சொன்னது சரிதான். ஆனால் ஒலி வரும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆயிரக்கணக்கான யூரோ ஆகும் வேலை அது. எந்த ஒரு பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னால், ஏதாவது ஒரு நிலையை மாற்றிப் பார்த்து அதற்கு ஒலி என்ன பதில் சொல்கிறது என்று கேட்க வேண்டும். அந்த வேலை முழுமையாக நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதனால் காரை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

காரில் கீச்சொலி என்றதும் எல்லோருடைய விரலும் பெல்ட்டைத்தான் காட்டும். பெரும்பாலும் அது நியாயமும்கூட. இந்த எஞ்சினில் பல வரிகள் கொண்ட ஒரே நீள பெல்ட், வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சுற்றுகிறது. இடையில் டென்ஷனரும் ஐட்லர் புல்லிகளும் உண்டு. இவற்றில் எந்தப் பேரிங் தேய்ந்தாலும் சத்தம் வரும். ஆனால் பெல்ட்டின் சத்தத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. சுமை கூடினால் அது கூடும். முகப்பு விளக்கு, பின் கண்ணாடி ஹீட்டர், ஏசி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிப் பிடித்தேன். கீச்சொலியில் எந்த மாற்றமும் இல்லை. பெல்ட்டின் வரிகள் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். வழுக்கும் பெல்ட்டாக இருந்தால் ஒலி ஒரு கணமாவது மாறியிருக்கும். அதுவும் மாறவில்லை.

இதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் பெல்ட்டையே கழற்றிவிட வேண்டும். இருக்கைகளை முன்னால் தள்ளி, பின்சுவரின் கம்பளத்தை உரித்து, உலோகத் தகட்டைத் திறந்தால் எஞ்சினின் முன்முகம் தெரியும். 24 மில்லிமீட்டர் ஸ்பேனரால் டென்ஷனரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை வெளியே எடுக்கலாம். எடுப்பதற்கு முன் பெல்ட் எந்தப் புல்லியின் மேல், எதன் அடியில் போகிறது என்பதைக் கட்டாயம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதுதான் இந்த ஒலி வரும் என்பதால், சூட்டோடுதான் வேலை செய்தாக வேண்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டேன். பெல்ட் இல்லாவிட்டால் வாட்டர் பம்ப் சுற்றாது. ஆகவே எஞ்சினை ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். சாவியைத் திருப்பினேன். பேட்டரி விளக்கு எரிந்தது. கிராங்க்ஷாஃப்ட்டின் புல்லியைத் தவிர மற்ற புல்லிகள் எல்லாம் அசையாமல் நின்றன. கீச்சொலி மட்டும் முன்பு போலவே இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் சந்தேகப் பட்டியலில் பாதி அழிந்துவிட்டது. இது போன்ற ஒரு சோதனையில் கிடைக்கும் நிம்மதி, புதிய பாகம் வாங்கிப் போட்டு ஒலி போனால் கிடைக்கும் நிம்மதியைவிடப் பெரியது என்பேன். ஏனென்றால் இங்கே காரணம் தெரிகிறது.

அடுத்தது கிளட்ச். பெடலை முழுதும் மிதித்தேன். ரிலீஸ் பேரிங் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒலி பிறக்கும், அல்லது மாறும். கியர்பாக்ஸின் உள் தண்டில் உள்ள பேரிங்காக இருந்தால், மிதித்ததும் தண்டு நின்று ஒலியும் நிற்கும். இரண்டும் நடக்கவில்லை. பட்டறையின் பட்டியலிலிருந்த முதல் பொருள் அதோடு கழிந்தது.

இந்தத் தலைமுறை எஞ்சின் வைத்திருக்கும் எவரும் எஞ்சினில் புதிய ஒலி எதைக் கேட்டாலும் முதலில் பயப்படுவது இடைத்தண்டின் பேரிங்குக்குத்தான். எம்96 என்ற இந்த எஞ்சினில், கிராங்க்ஷாஃப்ட்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுகளுக்குச் செல்லும் சங்கிலிகளை ஓட்டுவது அந்தத் தண்டு. அதன் பின்முனைப் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். அந்தப் பேரிங் கெடும்போது பொதுவாகக் கேட்பது உறுமல், அரைபடும் ஒலி. இப்படிக் கூர்மையாகக் கீச்சிடாது. இருந்தாலும் மனம் சமாதானமாகவில்லை. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளை காகிதத் துண்டில் துடைத்த எண்ணெயில் காந்தத்தையும் ஓட்டினேன். உலோகப் பொடியோ மினுமினுப்போ இல்லை. பழைய கறுப்பு எண்ணெயும் ஒன்றிரண்டு கரித் துகளும் மட்டும்தான்.

இனித்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. ஒலியின் நடத்தையை மறுபடி உட்கார்ந்து யோசித்தேன். நின்றுகொண்டிருக்கும்போது வருகிறது. மிதித்தால் போகிறது. இறக்கத்தில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் மிகப் பலமாக வருகிறது. எஞ்சினின் வேகத்தோடு இதற்குத் தொடர்பில்லை. 3,000 சுற்றில் மிதித்துக்கொண்டு போனால் அமைதி. அதே 3,000 சுற்றில் காலை எடுத்தால் வீறிடல். சுற்றும் எந்தப் பாகமும் இப்படி நடந்துகொள்ளாது. அப்படியானால் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மாறுவது எது? த்ரோட்டில், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டின் திறப்பு. த்ரோட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) வெற்றிடம் அதிகம். திறந்ததும் அது விழுந்துவிடும். ஒலி அந்த வெற்றிடத்தைத்தான் பின்தொடர்கிறது. அதாவது எங்கோ ஓர் இடுக்கின் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது.

கம்ப்யூட்டர் கருவியை மாட்டிப் பார்த்ததில் அதற்கும் சாட்சி கிடைத்தது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, எஞ்சின் தானாகக் கூட்டிக்கொடுத்த எரிபொருளின் அளவு 14 சதவீதம் வரை போயிருந்தது. 2,500 சுற்றில் அது பெருமளவு குறைந்தது. அளவிடப்படாத காற்று உள்ளே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதனால் சிறிய கசிவும் பெரிய பங்காகத் தெரியும். வேகம் கூடும்போது அதே கசிவு பெருங்காற்றில் கரைந்துவிடும்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவரை உதவிக்கு அழைத்திருந்தேன். கார்களின் மேல் அவருக்கும் தீராத ஆர்வம். இந்தக் காரில் ஆயில் ஊற்றும் வாய் பின்பக்கப் பெட்டிக்குள், கூலண்ட் தொட்டியின் அருகில் இருக்கிறது. நான் ஓட்டுநர் இருக்கையில் இருந்தேன். ஒலி நன்றாக வலுத்திருந்த நேரத்தில் மூடியைத் திறக்கச் சொன்னேன்.

"அண்ணா, வரவே மாட்டேன் என்கிறது, உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கிறது" என்றார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. அதே கணத்தில் கீச்சொலி அறுந்து நின்றது. எஞ்சின் தடுமாறிக் குலுங்கியது. மூடியை மறுபடி வைத்ததும் சில விநாடிகளில் ஒலி திரும்பி வந்தது. திறந்தால் நின்றது. மூடினால் வந்தது. எத்தனை முறை செய்தாலும் அதே பதில்.

நல்ல நிலையில் உள்ள எஞ்சினிலும் இந்த மூடியைத் திறந்தால் லேசான இழுப்பு இருக்கும். ஐடிலிங்கும் கொஞ்சம் மாறும். ஆகவே 'இழுக்கிறது' என்று சொல்வதோடு நிற்கக் கூடாது. எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு மீட்டருக்கு மேல் உயரமான பலகையில் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை U வடிவில் வளைத்துக் கட்டினேன். பாதி உயரம் வரை மஞ்சள் நிறம் கலந்த தண்ணீரை ஊற்றினேன். பக்கத்தில் தையல் அளவு நாடாவை ஒட்டினேன். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு, குழாய் மாட்டும் சிறு முனையைப் பொருத்தினேன். குழாயின் ஒரு முனை அந்த மூடிக்கு. மறுமுனை திறந்த காற்றுக்கு. எஞ்சின் ஓடும்போது மூடிப் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறும், திறந்த பக்கம் இறங்கும். இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாமல் இருக்க, நடுவில் ஒரு காலி பாட்டிலைப் பொறியாக வைப்பது அவசியம்.

இந்த எஞ்சினில் சூடான ஐடிலிங்கில் இருக்க வேண்டியது ஏறத்தாழ 10 முதல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். என் பலகையில் தண்ணீர் 20-ஐத் தாண்டியது, 30-ஐத் தாண்டியது. 50-ஐயும் கடந்து மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தபோது குழாயைக் கிள்ளிப் பிடித்து எஞ்சினை நிறுத்தச் சொன்னேன்.

எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு கிராங்க் கேஸுக்குள், அதாவது கிராங்க்ஷாஃப்ட் சுற்றும் அறைக்குள், கசிவது இயல்பு. அதை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் எல்லா சீல் வழியாகவும் பிதுங்கும். அதனால் அந்த வாயுவை இன்டேக் பக்கம் இழுத்து, எஞ்சினிலேயே எரித்துவிடுகிறார்கள். வழியில் இருப்பதுதான் செபரேட்டர் என்ற கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா. வாயுவோடு வரும் எண்ணெய்த் துளிகளைப் பிரித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது அதன் ஒரு வேலை. இன்டேக்கின் இழுப்பு கிராங்க் கேஸை அளவுக்கு மேல் எட்டாதபடி பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. அதற்காக உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கிறது. இழுப்பு கூடினால் அது நகர்ந்து வழியை அடைக்கும், குறைந்தால் திறக்கும். ஐடிலிங்கில் இன்டேக் மேனிஃபோல்டின் வெற்றிடத்தைத் தண்ணீர் உயரத்தில் சொன்னால் ஆறு மீட்டரை ஒட்டி வரும். அதை 10, 15 சென்டிமீட்டராகக் குறைத்துக் கொடுப்பது அந்த மெல்லிய ரப்பர்தான். இருபது ஆண்டுகள் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் கிடந்த ரப்பர் ஒருநாள் கிழியும். எந்த உற்பத்தியாளரின் காராக இருந்தாலும் இதே கதைதான்.

கிழிந்ததும் கிராங்க் கேஸ் மேனிஃபோல்டோடு நேரடியாக உறவு கொண்டுவிடுகிறது. உள்ளே இழுப்பு கூடக் கூட, காற்று எந்த வழியாகவாவது நுழையப் பார்க்கும். எளிதான வழி கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். உள்ளேயிருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் தடுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட உதடு அது. வெளியிலிருந்து உள்ளே பாயும் காற்றைத் தடுக்க அதற்குத் தெரியாது. காற்று அந்த உதட்டைத் தூக்கித் தூக்கி விடும்போது அது நாதஸ்வரத்தின் சீவாளி போல அதிர்ந்து பாடத் தொடங்குகிறது. எண்ணெய் சூடாகி இளகிய பிறகே ஒலி வந்ததற்கும், உதட்டின் மேலிருந்த எண்ணெய்ப் படலம் மெலிந்ததே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஆக, பட்டறையில் சொன்னது போல ஒலி எழுந்தது அந்த சீலிலிருந்துதான். ஆனால் சீலை மட்டும் மாற்றியிருந்தால் அதே இழுப்பு புதிய சீலையும் வதைத்திருக்கும்.

இந்தச் செய்தி பாக்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வால்வோவின் ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சின்களிலும், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 2.0 லிட்டர் டர்போ எஞ்சின்களிலும் இதே போன்ற டயாஃப்ரம் கிழிந்து இதே போன்ற ஊளை கேட்பதுண்டு. ஆயில் மூடியையோ ஆயில் அளவுக் கம்பியையோ இழுத்ததும் ஒலி நின்றால், பெல்ட்டைத் தொடாமல் நேரே இந்தப் பக்கம் வாருங்கள்.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. டயாஃப்ரம் கிழிந்தால் எண்ணெயும் சேர்ந்து இன்டேக்குக்குப் போகும். பாக்ஸர் எஞ்சின் படுத்த நிலையில் இருப்பதால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சிறிது நீலப் புகை வந்து சில விநாடிகளில் மறைவது பயப்பட வேண்டிய விஷயமல்ல. ஆனால் தெருவையே மறைக்கும் வெண்புகை நிற்காமல் வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். செபரேட்டர் முழுதாகக் கைவிட்டால், சிலிண்டருக்குள் அமுங்காத எண்ணெய் தேங்கி, பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துபோகும் ஆபத்து உண்டு.

மாற்றும் வேலைக்கு லிஃப்ட் தேவை. ஜெர்மனியில் லிஃப்ட்டையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் பட்டறைகள் பல ஊர்களில் இருக்கின்றன. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியும் உண்டு. அப்படி ஒன்றில் ஒரு சனிக்கிழமைக்கு இடம் பிடித்தேன். என் கார் ஃபின்லாந்தில், ஊசிகௌபுங்கி நகரின் வால்மெட் ஆலையில் பொருத்தப்பட்டது. இந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர்களில் பெரும் பகுதி அங்கிருந்துதான் வந்தன. எஞ்சின் மட்டும் இங்கே ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் பகுதியில் உருவானது. தான் பிறந்த ஊருக்குப் பக்கத்திலேயே அதற்கு வைத்தியம் நடந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

செபரேட்டர் எஞ்சினின் பின்முனையில், கியர்பாக்ஸ் இணையும் இடத்துக்கு மேலே ஒளிந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் இன்டேக் குழாய்கள் மறைக்கும். கீழிருந்து கை மட்டும் போகும், கண் போகாது. பாதி வேலையைத் தடவித்தான் செய்ய வேண்டும். கஷ்டமெல்லாம் அடியில் உள்ள மடிப்புக் குழாயில்தான். அதன் கிளாம்ப் தலைகீழாக, ஸ்க்ரூ சுவரைப் பார்த்தபடி இருந்தது. நீண்ட நெளியும் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் அதைத் தொட்டிருக்க முடியாது. குழாயைத் தொட்டதும் அதன் மடிப்பு விரல்களுக்கிடையே பிஸ்கட்டாக நொறுங்கியது. செபரேட்டர் வாங்கும்போது இந்தக் குழாயையும் கிளாம்ப்களையும் கட்டாயம் சேர்த்து வாங்குங்கள். பழையதை மறுபடி போட்டால் அதே வேலையைச் சில மாதங்களில் திரும்பச் செய்ய நேரும். கூலண்ட் குழாய்களைக் கழற்றும்போது கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வடியும் கூலண்ட் நேரே சட்டைக் கைக்குள்தான் இறங்கும்.

வெளியே வந்த பழைய டப்பாவை ரம்பத்தால் அறுத்துத் திறந்தேன். உள்சுவர் முழுக்கக் கடுகு நிறத்தில் பிசுபிசுப்பு. குளிர்காலத்தில் குறைந்த தூரம் ஓட்டும் கார்களில் ஈரமும் எண்ணெயும் கலந்து இப்படித்தான் படியும். டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, ஓரத்து மடிப்பை ஒட்டி வளைந்தோடிய கிழிசல் ஒன்று தெரிந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். உதடுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்ததால் விரலால் அழுத்தும் வரை கிழிசலே இல்லாதது போலத்தான் இருந்தது. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு முழுத் திருப்தி வந்தது.

புதியதைப் பொருத்தியதோடு த்ரோட்டில் உடலையும் ஐடிலிங் வால்வையும் கழற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவினேன். கூலண்டை நிரப்பி, தொட்டி மூடிக்கு அருகிலுள்ள காற்று வெளியேற்றும் வால்வின் கம்பியைத் தூக்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். இன்டேக்கில் ஏற்கெனவே தேங்கியிருந்த எண்ணெய் எரிந்து தீரும்வரை முதல் சில பயணங்களில் புகை வரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

பலகையை மறுபடி மாட்டினேன். சூடான ஐடிலிங்கில் தண்ணீர் 12 சென்டிமீட்டரில் ஏறி அங்கேயே நின்றது. ஆயில் மூடி ஒரு கையால் திறக்கிறது. எரிபொருள் திருத்தம் 14 சதவீதத்திலிருந்து 2-ஐ ஒட்டி இறங்கியிருக்கிறது. நெடுஞ்சாலை இறக்கத்தில் காலை எடுத்தபோதும், அரைமணி நேர நெரிசலில் நின்றபோதும் கீச்சொலி வரவில்லை.

மிச்சமிருப்பது அந்தப் பின்பக்க சீல். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கோட்டின் அடியில் லேசான எண்ணெய் ஈரம் இருக்கிறது. துடைத்துவிட்டு அடுத்த ஆயில் மாற்றும்போது மறுபடி பார்ப்பேன். சொட்டாக மாறாதவரை கியர்பாக்ஸை இறக்கப் போவதில்லை. கிளட்ச் மாற்றும் நேரம் வரும்போது பழைய சீலுக்குப் பதில் புதிய வகை டெஃப்லான் சீலும், கூடவே இடைத்தண்டின் பேரிங்கும் ஒரே வேலையாகப் போய்விடும்.